படுக்கை வைத்த வேனும் வாடகைக் கபானாவும்: கிழக்குக் கரையில் எது கட்டுப்படியாகும்?

ஆடி, ஆவணியில் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் மட்டக்களப்புக்கு வருகிற குடும்பங்களில் யாராவது ஒருவர் இப்போது இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுகிறார். “மாமா, ஊரில ஒரு பழைய ஹயஸ் வேன வாங்கி, உள்ளுக்குக் கட்டில் அடிச்சு வச்சா, வாற நேரமெல்லாம் ஹோட்டல் காசு மிச்சம்தானே?” பாசிக்குடாவில் இரண்டு நாள், அறுகம்பையில் மூன்று நாள், உகந்தையில் ஒரு கும்பிடு, சேனநாயக்க சமுத்திரத்தில் படகுச் சவாரி. எல்லா இடத்துக்கும் ஒரே வேன், ஒரே கட்டில். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஊரிலேயே இருக்கிறவர்களும், குறிப்பாக ஓய்வூதியத்தை ஒட்டி நிற்கிற ஆசிரியர்களும் வங்கிக்காரர்களும், இதே யோசனையோடு காணொளிகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காணொளிகள் பெரும்பாலும் அமெரிக்காவிலும் கனடாவிலும் எடுக்கப்பட்டவை. அங்கே சரியாக வருகிற கணக்கு இங்கே ஏன் வேறு விடை தருகிறது என்று பார்ப்பதற்கு, முதலில் அங்கே அது எப்படி நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

ஆர்வி என்று அவர்கள் சொல்கிற வீட்டு வண்டி அங்கே ஓடுவது டீசலாலோ பெற்றோலாலோ என்பதைவிட முகாம் நிலங்களால் என்று சொல்லலாம். மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரில் 1962இல் தொடங்கிய கேஓஏ போன்ற முகாம் நிறுவனங்களும், மாகாண, தேசியப் பூங்காக்களும் வண்டி நிறுத்தவென்றே இடம் வெட்டி வைத்திருக்கின்றன. பல இடங்களில் ஒரு மின்கம்பம். 30 ஆம்பியர் இணைப்பில் 3,600 வோட், 50 ஆம்பியர் இணைப்பில் 12,000 வோட் வரை எடுக்கலாம். பக்கத்தில் குடிதண்ணீர்க் குழாய். நல்ல இடங்களில் கழிவுக் குழாயும் அங்கேயே இருக்கும். இல்லாவிட்டால் வெளியேறும் வழியில், தொட்டியைக் காலி செய்ய ஒரு நிலையம். வண்டிக்காரர் இரவுக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுத்து நிற்கிறார்.

அதே வளவுக்குள் மரக் குடில்களும் உண்டு. கேஓஏயின் சாதாரணக் குடில்கள் பலவற்றில் கழிப்பறை கிடையாது. போர்வை தலையணையை நாமே கொண்டுபோக வேண்டும். கனடாவின் தேசியப் பூங்காக்களில் ஓடென்ரிக் என்ற, பாதி கூடாரமும் பாதி குடிலுமான தங்குமிடத்தில் ஆறு பேர் வரை படுக்கலாம். ஆக, அங்கே ஒருவர் தெரிவு செய்வது ஒரே வளவின் இரண்டு விலைகளுக்கு நடுவில். குடிலின் வாடகையில் இருந்து நிறுத்துமிடக் கட்டணத்தைக் கழித்தால் வருவதுதான், வண்டி வைத்திருப்பவர் ஓர் இரவுக்கு மிச்சம் பிடிக்கிற காசு.

அந்த மிச்சத்தை வைத்துத்தான் வண்டியின் வருடச் செலவை அடைக்க வேண்டும். கடன் தவணை, காப்புறுதி, குளிர்காலத்தில் நிறுத்தி வைக்க வாடகை, குழாய்களுக்குள் தண்ணீர் உறைந்து வெடிக்காமல் உறைதடுப்புத் திரவம் ஏற்றுவது, கூரை மூட்டுகளுக்குப் பசை, ஓடாமலே வயதாகிப் போகிற டயர்கள். இதற்கு மேல், வாங்கிய நாளிலிருந்து விழுந்துகொண்டே போகும் வண்டியின் விலை. கணக்குக்காக ஒரு தொகை வைப்போம்: குடில் 150 டொலர், நிறுத்துமிடம் 60 டொலர், மிச்சம் 90. வண்டி சும்மா நிற்கவே வருடத்துக்கு 6,000 டொலர் பிடிக்கிறது என்றால், 67 இரவுகள் வெளியே படுத்தால்தான் கை கடிக்காது. அங்கேயே இது வேலை பார்க்கிறவர்களுக்கு எட்டாத எண்ணிக்கை. பென்ஷன்காரர்களுக்குக் கட்டுப்படியாகும், அவ்வளவுதான்.

இப்போது இதை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். முதலில் காணாமற்போவது நிறுத்துமிடம். வாழைச்சேனையிலிருந்து பாணமை வரைக்கும், மின்கம்பமும் தண்ணீரும் கழிவுக் குழாயும் வைத்து வண்டிகளுக்கென்றே இடம் வாடகைக்கு விடுகிற வழக்கம் இங்கே இல்லை. அதனால் கட்டில் வேனோடு வருகிறவர் கடைசியில் ஏதாவது ஒரு கபானா (வாடகைக்கு விடுகிற கரையோரக் குடில்) வளவுக்குள் போய், முதலாளியோடு பேசி, வேனை மரத்தடியில் நிறுத்தி, ஒரு வயரை இழுத்து, அவர்களுடைய குளியலறையையும் பாவித்துக்கொண்டு படுப்பார். முதலாளி அதற்குக் காசு கேட்பார். கேட்காமல் விட்டால் பெரிய மனசு. கபானா 12,000 ரூபா என்றும் வளவில் நிற்க 5,000 ரூபா என்றும் வைத்துக்கொண்டால், ஓர் இரவில் மிச்சம் 7,000. வேனின் நிற்கிற செலவு வருடத்துக்கு 6 இலட்சம் என்று குறைத்துப் போட்டாலும் 86 இரவுகள் வேண்டும். வேனின் விலை 50 இலட்சம் என்று வைத்து, அந்தக் காசை வேனில் முடக்காமல் வங்கியில் வைத்திருந்தால் வந்திருக்கக்கூடிய வட்டியையும் சேர்த்தால் 6 இலட்சம் என்பது மிகக் குறைவு. பள்ளிக்கூட விடுமுறை ஏப்ரலிலும் ஓகஸ்டிலும் டிசம்பரிலும். டிசம்பரில் இங்கே மழை. 86 இரவை எங்கே போய்ப் பிடிப்பது?

இரண்டாவது, தூரம். கனடாவில் ஒரு மாகாணத்தைத் தாண்டவே நாள் கணக்கில் ஓட்ட வேண்டும். வழியில் எங்கோ படுத்தே ஆக வேண்டும். இலங்கை முழுவதுமே வடக்கிலிருந்து தெற்குக்கு 435 கிலோமீற்றர்தான். மட்டக்களப்பு நகரிலிருந்து பாசிக்குடா 35 கிலோமீற்றர் அளவு. ஏ4 வீதியில் கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் தாண்டிப் பொத்துவில் போக நூற்றுச் சொச்சம். காலையில் புட்டும் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டுக் கல்லடியால் புறப்பட்டால் பகல் சாப்பாட்டுக்கு முதல் அறுகம்பையில் நிற்கலாம். வழியில் படுக்கை தேவைப்படாத நாட்டில் படுக்கையைச் சுமந்து திரிவது எதற்கு?

ஆனால் காசையும் தூரத்தையும் விடப் பெரிய விஷயம் சூடு. வேனுக்குள் ஓர் இரவு படுத்துப் பார்க்காதவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. மே முதல் ஓகஸ்ட் வரை மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற காலம். பகலில் தகரம் வாங்கிய சூடு ராத்திரி பத்து மணிக்கும் இறங்காது. கண்ணாடியைத் திறந்தால் நுளம்பு, மூடினால் வேர்வை. கிடுகுக் கூரை போட்ட கபானா காற்றை உள்ளே விடும். தகரப் பெட்டி விடாது. அப்படியானால் ஏசி போடலாமே என்பார்கள். ஒரு சின்ன ஏசி ஓடுகிற நேரத்தில் ஏறக்குறைய 1 கிலோவோட் எடுக்கும். விட்டுவிட்டு ஓடினாலும் எட்டு மணி நேரத்தில் 4 முதல் 6 கிலோவோட்-மணி, அதாவது நமது மின்பட்டியலில் 4 முதல் 6 அலகு. 12 வோல்ற், 100 ஆம்பியர்-மணி பெட்டரி ஒன்றில் இருப்பது 1.2 அலகு. சாதாரண ஈயப் பெட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் பெட்டரி சீக்கிரம் செத்துவிடும் என்பதால் கையில் கிடைப்பது 0.6 அலகுதான். ஓர் இரவு குளிருக்கு எட்டுப் பத்துப் பெட்டரி வேண்டும். ஒவ்வொன்றும் 25 கிலோவுக்குக் குறையாது. லிதியம் பெட்டரி பாரம் குறைவு, விலை கூட. கூரையில் 200 வோட் சூரியத் தகடு வைத்தால் நம்முடைய வெயிலில் நாளுக்கு 0.8 அலகு மட்டில் வரும். மின்விசிறிக்கும் விளக்குக்கும் போனுக்கும் அது தாராளம். சின்னக் குளிர்சாதனப் பெட்டியையும் ஓரளவு இழுக்கும். ஏசிக்குக் காணாது. ஜெனரேற்றர் வைத்தால் பக்கத்துக் கபானாக்காரர் அரை மணியில் வந்து கதவைத் தட்டுவார், அது நியாயமும்கூட.

தண்ணீர்க் கணக்கும் இப்படித்தான். கடலில் குளித்துவிட்டு உப்புப் போக மேலுக்கு ஊற்ற, சமைக்க, கழுவ, ஆளுக்கு நாளுக்கு 30 லீற்றர் என்பது கஞ்சத்தனமான அளவு. நான்கு பேருக்கு 120 லீற்றர், அது 120 கிலோ பாரம். அதைவிடச் சிக்கலானது போகிற தண்ணீர். வேனில் வைக்கிற சின்னக் கழிப்பறைப் பெட்டி ஒன்று பொதுவாக 20 லீற்றர் கொள்ளும். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இரண்டு நாளில் நிறைந்துவிடும். பிறகு எங்கே கொட்டுவது? வாவியிலா? கடற்கரை மணலிலா? மட்டக்களப்புக் கரையோரம் முழுக்க மணல் நிலம். மழைத் தண்ணீர் கீழே இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய நன்னீர்ப் படையாக நிற்கிறது. கிணறுகள் அந்தப் படையிலிருந்துதான் எடுக்கின்றன. மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் நடுவே தூரம் போதாமல் தண்ணீர் கெடுவது ஏற்கெனவே உள்ள பிரச்சினை. அதற்குள் வேன்காரரும் மண்வெட்டியோடு வந்து நிற்க வேண்டாம். பெட்டிக்குள் ஊற்றுகிற நீல மருந்தில் கிருமிநாசினி கூடுதலாக இருந்தால், வீட்டுக் குழியில் கொட்டினாலும் அங்கே கழிவை உடைக்கிற நுண்ணுயிர்கள் சாகும். வட அமெரிக்காவில் எங்கே கொட்டுவது என்று பெரும்பாலும் யோசிக்கத் தேவையில்லை, ஏனென்றால் கொட்டும் நிலையம் முகாமிலேயே இருக்கிறது.

சரி, ஒரு வளவுக்குள்ளும் போகாமல், அலை பார்த்துக்கொண்டு கரையிலேயே படுத்தால்? சுற்றுலாக்காரர்கள் படம் போடுகிறார்கள்தான். தேசியப் பூங்காக்களில் காலை ஆறு மணிக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் நடமாட முடியாது. குமனையிலோ கல்லோயாவிலோ இராத்தங்க வேண்டுமானால் வனசீவராசிகள் திணைக்களத்தின் பங்களாவையோ முகாமிடத்தையோ முன்பதிவு செய்ய வேண்டும். பூங்காவுக்கு வெளியேயும் யானைக்கு எல்லை தெரியாது. சியம்பலாண்டுவையிலிருந்து பொத்துவிலுக்கு வருகிற வீதி லாகுகலை வழியாகத்தான் வருகிறது. அங்கே குளத்துப் புல்லுக்கு யானை இறங்குவது வழக்கம். பாணமைக்குத் தெற்கே உகந்தை வரை காடு. மாம்பழமும் வாழைப்பழமும் வேனுக்குள் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் படுக்கிறவருக்கு யானையின் மூக்கைப் பற்றித் தெரியாது.

மனிதர்கள் விஷயம் இன்னொன்று. அறுகம்பையில் சேர்ஃப் பலகையோடு நிற்கிற வெள்ளைக்காரரின் வேனை யாரும் கேட்கமாட்டார்கள். களுவாஞ்சிக்குடிக்கோ திருக்கோவிலுக்கோ பக்கத்துக் கரையில், திரை போட்ட ஒரு வெள்ளை வேன் இருட்டில் அசையாமல் நின்றால் ஊர் என்ன நினைக்கும் என்பதை, வெள்ளை வேனில் ஆள் கடத்திய காலத்தில் கிழக்கில் வாழ்ந்த யாருக்கும் விளக்கத் தேவையில்லை. டோர்ச் லைட்டோடு நாலு பேர் வருவார்கள். அவர்கள் வருவது சரிதான்.

கரையோரம் ஒரு துண்டுக் காணி வாங்கி வேனை அங்கேயே நிரந்தரமாக நிறுத்திவிடலாம் என்று சொல்கிறவர்களும் உண்டு. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி உயர்நீர்க் கோட்டிலிருந்து 300 மீற்றர் உள்நோக்கி உள்ள நிலம் கரையோர வலயம். அதற்குள் மேடை, குளியலறை, குழி எது கட்டவும் அனுமதி எடுக்க வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு அந்தத் தூரத்தை வெறும் சட்ட எண்ணாக நம்மால் பார்க்க முடியாது.

உப்பைப் பற்றித் தனியாக எழுதலாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் 56 கிலோமீற்றர் நீண்ட வாவி. இடையில் உள்ள நிலத்துண்டில் நிற்கிற எந்த வாகனமும் இரண்டு பக்கத்திலிருந்தும் உப்புக் காற்றை வாங்குகிறது. ஓடுகிற வாகனத்தைக் கழுவுவார்கள், கராஜுக்குக் கொண்டுபோவார்கள், கறள் தெரியும். வருடத்தில் பதினொரு மாதம் தார்பாயின் கீழ் நிற்கிற வேனில் கறள் முதலில் பிடிப்பது அடித்தட்டிலும் தகர மூட்டுகளிலும் வயர் முனைகளிலும். யாரும் பார்ப்பதில்லை. நவம்பர் வந்ததும் வாடைக்காற்றோடு மழை. வருடத்து மழையில் பெரும்பங்கு ஜனவரி முடிவதற்குள் கொட்டித் தீர்ந்துவிடும். காற்று வர வேண்டுமென்று கூரையில் வெட்டிய துவாரத்தின் பசை வெயிலில் வெடித்திருந்தால் முதல் மழையிலேயே மெத்தை நனையும். பூஞ்சணம் மணக்கும். எலி வந்து வயர் கடிக்கும். கபானா முதலாளியும் இதே மழையில்தான் நனைகிறார். கிடுகு உக்கி, அடுத்த சீசனுக்கு முன் வேய்ந்து, தூண் மாற்றுகிறார். அந்தச் செலவில் நமக்கு விழுகிற பங்கு நாம் தங்குகிற இரண்டு இரவு அளவுதான். வாடகை என்று கொடுப்பதில் ஒரு பகுதி உண்மையில் இதற்குத்தான் போகிறது.

இனி, இந்த நாட்டுக்கே உரிய ஒரு குழப்பம். அமெரிக்கக் கணக்கு வண்டியின் விலை விழும் என்பதில் தொடங்குகிறது. நம்முடைய அனுபவம் தலைகீழ். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் பத்து வருடம் ஓடிய வேனையும் வாங்கிய விலையைவிடக் கூட்டி விற்றவர்கள் இருக்கிறார்கள். அதனால் “வேன் வாங்கினால் காசு எங்கும் போகாது” என்ற நம்பிக்கை ஆழமாக இறங்கிவிட்டது. இறக்குமதி திறந்த பிறகு அது எவ்வளவு காலம் நிலைக்கும் என்பது வேறு விஷயம். அந்த நம்பிக்கை சரி என்றே வைத்தாலும், அது ஆசனங்களோடு இருக்கிற வேனுக்குத்தான் பொருந்தும். இங்கே வேனின் மதிப்பு ஆசனத்தில் இருக்கிறது. கலியாண ஹயர், பாடசாலைச் சேவை, எயார்போர்ட் ஓட்டம், கதிர்காமப் பயணம் எல்லாம் எத்தனை பேர் இருக்கலாம் என்பதில்தான் விலை போகின்றன. ஆசனத்தைக் கழற்றி, கட்டில் அடித்து, கூரையை வெட்டிவிட்டால் வாங்க வருகிறவர் அதைத் திரும்பப் பழையபடி ஆக்குகிற செலவைக் கழித்துத்தான் விலை கேட்பார். பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆசன எண்ணிக்கைக்கும் உடம்பமைப்புக்கும் வாகனம் ஒத்துவர வேண்டும். மாற்றம் செய்தால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி தேவை. அனுமதி இல்லாத மாற்றத்தோடு விபத்து நடந்தால் காப்புறுதிக்காரர் முதலில் தேடுவது அந்த ஓட்டையைத்தான். கூடவே, எட்டுப் பேர் போன வேனில் இனி நாலு பேர்தான் போகலாம். அம்மம்மாவையும் சித்தியையும் எங்கே ஏற்றுவது?

வேனுக்குள்ளேயே சமைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரம். கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும், மேல் கண்ணாடியைத் திறந்து வைத்து எந்தப் பயனும் இல்லை. தரைமட்டத்தில் துவாரம் வேண்டும், சிலிண்டர் வெளியே திறக்கிற தனிப்பெட்டியில் இருக்க வேண்டும். 2021 கடைசியில் நாடு முழுக்க வீடுகளில் நடந்த எரிவாயு வெடிப்புகளை மறந்திருக்கமாட்டீர்கள். அவை நடந்தது கதவு யன்னல் உள்ள வீடுகளில்.

கபானா குறையில்லாதது என்று சொல்ல வரவில்லை. அறுகம்பையில் அலைக்காலம் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை. ஜூலை, ஓகஸ்டில் விலை ஏறும், அறை கிடைக்காது. அலைக்காலம் முடிந்தால் பல இடங்கள் பூட்டிக் கிடக்கும். பாசிக்குடாவின் பெரிய விடுதிகளில் பானையும் அடுப்பும் உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள்; பிள்ளைகளுக்கு ஒரு சோறு கறி காய்ச்சக்கூட வழியில்லை. முழங்கால் நோவுள்ள ஆட்களுக்கு மணலில் நடந்து, மூன்று படி ஏறி, குந்தும் கழிப்பறையில் முடிவது சித்திரவதை. இணையத்தில் போட்ட விலை ஒன்று, ஊர்ப் பேச்சில் கேட்டால் வேறொன்று. பதிவு செய்வதற்கு முன் தொலைபேசியில் நேரே கேட்க வேண்டியவை: சமைக்க இடம் உண்டா, கொமோட் உண்டா, கரண்ட் போனால் ஜெனரேற்றர் உண்டா, குளிக்கிற தண்ணீர் உப்பா நன்னீரா. கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலை வைத்தே அந்த முதலாளியைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

உண்மையில் நம்முடைய ஆட்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியை நெடுநாளாக வைத்திருக்கிறார்கள். ஹயருக்கு ஒரு வேன், பின்னால் கிடாரமும் அரிசி மூட்டையும் பாயும், சாரதிக்கும் சேர்த்துச் சாப்பாடு. வழியில் ஓர் ஆற்றங்கரையில் சமையல், இரவுக்கு மடமோ தெரிந்தவர் வீடோ. உகந்தையிலிருந்து குமனைக் காட்டுக்குள்ளால் கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள், ஆடிவேல் காலத்தில் காட்டுப் பாதை திறக்கிற அந்தச் சில நாட்களில், கட்டிலும் வேனும் இல்லாமல் மரத்தடியில் படுத்தெழும்பிப் போகிறார்கள். அங்கே அவர்களைக் காப்பது கூட்டம். தனியாக நிற்கிற ஒரு வேனுக்கு அந்தக் காவல் கிடையாது. ஹயர் வேனும் கபானாவும் சேர்ந்த செலவை ஒரு பயணத்துக்குப் போட்டுப் பார்த்து, அதை வேன் வைத்திருக்கிற வருடச் செலவோடு ஒப்பிட்டால், வருடத்துக்கு மூன்று பயணம் போகிற குடும்பத்துக்கும் ஹயர்தான் மலிவாக வரும் என்பது என் எண்ணம்.

அப்படியும் சொந்த வாகனம் சரியாக அமைகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். தொழிலுக்கு ஏற்கெனவே வேன் வைத்திருப்பவர். அவருக்கு நிற்கிற செலவைத் தொழில் கட்டிவிடுகிறது. விடியற்காலையில் குமனை வாசலில் நிற்க வேண்டிய பறவைப் படக்காரர். அலை எங்கே எழும்புகிறதோ அங்கே போகிற, கலியாணம் கட்டாத சேர்ஃப் பையன்கள். வீட்டுக்கு வெளியே எந்தக் கழிப்பறையையும் பாவிக்க முடியாத நோயாளி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டிய குடும்பம். இவர்களுக்குக் காசுக் கணக்கே பொருந்தாது. இவர்களும் ஆசனத்தைக் கழற்றத் தேவையில்லை. ஆசன மட்டத்துக்கு மேலே விரித்து மடிக்கிற பலகைக் கட்டில் ஒன்றை ஊர்த் தச்சரிடம் சொல்லிச் செய்விக்கலாம். பயணம் முடிந்ததும் கழற்றி வீட்டில் சாய்த்து வைக்கலாம். கூரைத் தாங்கியில் விரிகிற கூடாரம் இன்னொரு வழி. 50, 60 கிலோ பாரம் வரும், ஆனால் காற்று நாலு பக்கமும் வரும், கச்சான் காலத்தில் அதற்குள் படுக்கலாம், வேன் வேனாகவே இருக்கும். கூடாரம் வாங்க முன் கூரைத் தாங்கி எவ்வளவு பாரம் தாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஓடும்போது தாங்குகிற பாரம் ஒன்று, நிற்கும்போது தாங்குகிற பாரம் வேறு. இரண்டு பேர் மேலே ஏறிப் படுப்பது நிற்கும்போதுதான், ஆனால் பாணமை வீதியின் குழிகளில் அந்த 60 கிலோ குலுங்குவது ஓடும்போது.